காட்டுயிர்களையும் வாழிடங்களையும் கணக்கெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுயிர்க் கணக்கெடுப்பில் இறங்க நினைக்கும் மாணவர்களும் தன்னார்வலர்களும் முதலில் கேட்பது கருவிகளைப் பற்றித்தான்: எந்தக் கேமரா, எந்த மென்பொருள், எத்தனை நாள்? அவற்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது. ஆனால் எல்லாப் பதில்களிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். எத்தனை பார்த்தோம் என்பது பாதிக் கணக்குதான். எத்தனையைப் பார்க்காமல் விட்டோம் என்பது மீதிப் பாதி.

கணக்கெடுப்பு, கண்காணிப்பு: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஓர் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது கணக்கெடுப்பு. அதையே அதே இடங்களில், அதே முறையில், ஆண்டுக்கணக்கில் திரும்பச் செய்தால் அது கண்காணிப்பு. அதனால் முதல் கணக்கெடுப்பின்போதே, பத்து ஆண்டு கழித்து முன்பின் தெரியாத ஒருவர் வந்து இதை அப்படியே திரும்பச் செய்ய முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் இன்று எடுக்கும் எண்ணுக்கு நாளை துணை இருக்காது.

எந்த முறை சிறந்தது?

கேள்வி என்ன என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு தவளை இனம் இந்த ஓடையில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமானால், சில லிட்டர் நீரை வடிகட்டி அதிலுள்ள டி.என்.ஏ.வைப் பார்த்தாலே போதும். எத்தனை மான்கள் என்றால் அளந்த பாதையில் நடக்க வேண்டும். ஒரு யானைக் கூட்டம் கோடையில் எங்கே போகிறது என்றால், இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டையான காலர் மாட்டாமல் வழியில்லை. கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் மொத்த எண்ணிக்கை தேவையே இல்லாமல் போகலாம்; ஒரே சீராக எடுத்த ஒப்பீட்டு எண் போதும், அதற்கு ஆகும் உழைப்பும் குறைவு.

கையில் கேமரா இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று தொடங்கும் வேலைகள்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கின்றன. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால், காட்டுக்குப் போவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.

கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இரண்டு காடுகளில் ஒரே தூரம் நடக்கிறோம். இரண்டிலும் 30 மான்களைப் பார்க்கிறோம். இரண்டிலும் மான்கள் சமம் என்று சொல்லிவிடலாமா? ஒன்று திறந்த புல்வெளிக் காடு. அங்கே இருக்கும் மான்களில் பத்துக்கு ஆறு நம் கண்ணில் படும். மற்றது புதர் அடர்ந்தது. அங்கே பத்துக்கு இரண்டுதான் படும். அப்படியானால் முதல் காட்டில் ஏறக்குறைய 50, இரண்டாவதில் 150. பார்த்த எண்ணை வைத்து சமம் என்று சொன்ன இடத்தில், உண்மையில் மூன்று மடங்கு வேறுபாடு.

இந்தக் 'கண்ணில் படும் விகிதத்தை'த்தான் கண்டறியும் வாய்ப்பு என்கிறார்கள். இது காட்டுக்குக் காடு மாறும். பருவம், வெயில், மழை, பார்ப்பவரின் அனுபவம், விலங்கின் கூச்சம் என்று எதைப் பொறுத்தும் மாறும். வேட்டை நடந்த காட்டில் விலங்குகள் மனித வாடைக்கே ஓடிவிடும். பாதுகாப்பு கூடியதும் அவை துணிந்து வெளியே நிற்கும். எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் நம் குறிப்பேட்டில் அது ஏற்றமாகத் தெரியும். பாதுகாப்பினால் பெருகிவிட்டன என்று நாமும் மகிழ்ந்துவிடுவோம்.

அதனால்தான் நல்ல முறைகள் எல்லாமே, விட்டுப்போனது எவ்வளவு என்பதை அதே தரவிலிருந்தே கணிப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. கீழே வரும் முறைகளை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

நேர்கோட்டுப் பாதையில் நடந்து எண்ணுவது என்றால் என்ன?

வரைபடத்தில் காட்டின் குறுக்கே நேர்கோடுகளை முறையாகவோ குலுக்கல் போலவோ போட்டு, அந்தக் கோட்டிலேயே மெதுவாக நடப்பது. விலங்கைப் பார்த்ததும் நின்று, அது இருக்கும் தூரத்தையும் கோணத்தையும் அளக்க வேண்டும். தூரத்துக்கு லேசர் தூரமானி, கோணத்துக்குத் திசைகாட்டி. உங்களிடமிருந்து 40 மீட்டரில், பாதைக்கு 30 பாகைக் கோணத்தில் ஒரு மான் நின்றால், பாதையிலிருந்து அதன் செங்குத்துத் தூரம் 20 மீட்டர். நமக்கு வேண்டியது அந்த 20.

பாதை ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் கண்ணில் படும், தள்ளிப் போகப் போகத் தவறும். எந்தத் தூரத்தில் எத்தனை பட்டன என்று வரைந்தால் ஒரு சரிவு கிடைக்கும். அந்தச் சரிவிலிருந்து, 'இருபுறமும் இவ்வளவு அகலத்துக்கு முழுமையாகப் பார்த்ததற்குச் சமம்' என்று கணிக்கலாம். அந்த அகலம் பக்கத்துக்கு 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 கிலோமீட்டர் நடந்தால், பார்த்த பரப்பு 8 சதுர கிலோமீட்டர். 80 கூட்டங்களைப் பார்த்திருந்தால் சதுர கிலோமீட்டருக்கு 10 கூட்டங்கள். கூட்டத்தின் சராசரி அளவால் பெருக்கினால் அடர்த்தி கிடைத்துவிடும்.

இது சரியாக வர நிபந்தனைகள் உண்டு. கோட்டின் மேலேயே நிற்கும் விலங்கு தவறக் கூடாது. நம்மைக் கண்டு நகர்வதற்கு முன் அது நின்ற இடத்தைக் குறிக்க வேண்டும். தூரத்தைக் கண்மதிப்பில் சொல்லக் கூடாது. கண்மதிப்பில் சொல்பவர்கள் 10, 20, 50 என்று முழு எண்களுக்கே இழுத்துக்கொண்டு போவார்கள், சரிவு கெட்டுவிடும். ஓர் இனத்துக்கு 60 முதல் 80 காட்சிகளாவது சேர்ந்தால்தான் சரிவு நம்பத்தக்கதாக இருக்கும் என்பது பொதுவான அளவுகோல். அரிய விலங்குகளுக்கு இந்த முறை ஒத்துவராததன் காரணமும் அதுதான்.

இன்னொன்று: வசதிக்காக ஜீப் சாலையிலேயே நடந்துவிடாதீர்கள். சாலையோரத்தில் புல் வேறு, வெளிச்சம் வேறு, அங்கே வரும் விலங்குகளும் வேறு. சாலையில் எடுத்த கணக்கு சாலையோரத்தின் கணக்கு மட்டுமே.

பறவைகளுக்கும் இதே முறையா?

செய்யலாம். ஆனால் பாறையும் முள்ளும் நிறைந்த இடத்தில் நடந்துகொண்டே காது கொடுப்பது கடினம். அங்கே குறித்த புள்ளிகளில் நின்று, குறித்த நிமிடங்களுக்குப் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுவார்கள். வட அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு இப்படித்தான் நடக்கிறது: சுமார் 39 கிலோமீட்டர் சாலைத் தடம், 50 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் 3 நிமிடம், சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே தொடக்கம். இதுவும் சாலைதானே என்று கேட்கலாம். அந்தக் குறை அவர்களுக்கும் தெரியும். ஆனால் அதே குறையை எல்லா ஆண்டும் ஒரே மாதிரி வைத்திருந்ததால் போக்கைக் காண முடிந்தது. இதுவும் மற்ற நீண்டகாலத் தரவுகளும் சேர்ந்துதான், 1970 முதல் அங்கே ஏறக்குறைய 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்ற 2019-ஆம் ஆண்டு ஆய்வுக்கு அடித்தளமாயின.

பிடித்து, அடையாளமிட்டு, விட்டு, மறுபடி பிடிக்கும் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

ஒரு குளத்தில் முதல் நாள் 60 தவளைகளைப் பிடித்து அடையாளமிட்டு விடுகிறோம். சில நாள் கழித்து 50 பிடிக்கிறோம். அதில் 12 நம் அடையாளத்தோடு இருக்கின்றன. அதாவது இரண்டாவது பிடியில் 24 விழுக்காடு ஏற்கெனவே அடையாளமிட்டவை. அப்படியானால் முதலில் அடையாளமிட்ட 60-உம் மொத்தத்தில் 24 விழுக்காடாக இருக்கும் என்று கொள்ளலாம். 60 பெருக்கல் 50, வகுத்தல் 12: மொத்தம் 250. மறுபிடி குறைவாக இருக்கும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் மிகைப்படுத்தும். அதற்காக ஒவ்வொரு எண்ணோடும் ஒன்றைக் கூட்டி, கடைசியில் ஒன்றைக் கழிக்கும் திருத்தம் உண்டு. அப்படிப் பார்த்தால் 238.

டென்மார்க்கின் பீட்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீன்களுக்கு அடையாளமிட்டதிலும், அமெரிக்காவின் ஃபிரடெரிக் லிங்கன் 1930-இல் வாத்துகளின் எண்ணிக்கையைக் கணித்ததிலும் இருந்து வந்த யோசனை இது. அதனால் லிங்கன்-பீட்டர்சன் முறை என்பார்கள். இடைப்பட்ட நாளில் சாவு, பிறப்பு, வருகை, வெளியேற்றம் பெரிதாக இருக்கக் கூடாது. அடையாளம் உதிரக் கூடாது. ஒருமுறை பிடிபட்டது பயந்து ஒளியவோ, பொறியில் வைத்த இரைக்குப் பழகித் திரும்பத் திரும்ப வந்து மாட்டவோ கூடாது. உண்மையில் இந்தக் கடைசி நிபந்தனை அடிக்கடி உடையும். அதனால் இப்போது இரண்டு தடவையோடு நிறுத்தாமல் பல தடவை பிடித்து, இந்த நடத்தை மாற்றங்களையும் கணக்கில் சேர்க்கும் மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

தானியங்கி கேமராவால் புலிகளை எப்படி எண்ணுகிறார்கள்?

மேலே சொன்ன அதே கணக்குதான். பிடிப்பது கூண்டு இல்லை, படம். அடையாளத்தை இயற்கையே போட்டுவைத்திருக்கிறது: எந்த இரண்டு புலிக்கும் வரிகள் ஒன்றாக இருக்காது. சிறுத்தையின் புள்ளிகளும் வரிக்கழுதைப்புலியின் வரிகளும் அப்படியே. ஒரே புலிக்கு இடது பக்க வரி வேறு, வலது பக்க வரி வேறு என்பதால், பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்களைக் கட்ட வேண்டும்.

இந்தியாவில் இதற்கு முன் பல பத்தாண்டுகள் கால்தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். கண்ணாடித் தட்டில் தடத்தை வரைந்தும், பாரிஸ் சாந்தில் அச்செடுத்தும், இந்தத் தடம் இந்தப் புலி என்று பிரித்தார்கள். வனப்பணியாளர்களின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை முறையில் இருந்தது. ஈர மண்ணில் ஒரு மாதிரியும் புழுதியில் வேறு மாதிரியும் பதியும் தடத்தை வைத்துத் தனிப் புலியை உறுதியாகச் சொல்ல முடியாது. தடமே கிடைக்காத புலிகள் எத்தனை என்று கணிக்கவும் அதில் வழியில்லை. காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் கேமராவையும் மறுபிடிப்புக் கணக்கையும் இணைத்துக் காட்டினார். ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் புலிகளே இல்லாமல் போனது 2005-இல் வெளிச்சத்துக்கு வந்த பிறகு, நாடு முழுக்க முறை மாறியது.

2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651. தனித்தனியாக அடையாளம் கண்ட புலிகள் 2,461. வெளியான மதிப்பீடு 2,967. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளிதான், படத்தில் சிக்காதவற்றுக்கான கணிப்பு. செய்திகளில் ஒற்றை எண்ணாக வரும்போது இது மறைந்துபோகிறது என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

கேமரா கட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலான கேமராக்கள், முன்னால் உள்ள வெப்பத்தில் ஏற்படும் திடீர் மாற்றத்தை உணர்ந்து படமெடுக்கின்றன. வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலே நூற்றுக்கணக்கில் வெற்றுப் படங்கள் நிரம்பும். முன்னால் உள்ள புல்லை வெட்டிவிடுங்கள், கிழக்கையும் மேற்கையும் நோக்கிக் கட்டாதீர்கள். சுற்றுவெப்பம் விலங்கின் உடல்வெப்பத்தை நெருங்கும் நடுக்கோடையில் உணரி சரியாக வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். உயரம் விலங்குக்கு ஏற்றபடி இருக்கட்டும். பெரிய பூனைகளுக்கு முழங்கால் உயரம் சரி. கடிகாரத்தைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டால் நேரத்தைச் சார்ந்த ஆய்வு மொத்தமும் போய்விடும்.

வெற்றுப் படங்களைக் கழிக்க இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் நன்றாக உதவுகின்றன. ஆனால் எந்த இனம் என்பதையும் அவையே சொன்னால், அதில் ஒரு பகுதியையாவது மனிதக் கண் சரிபார்க்க வேண்டும்.

வரியோ புள்ளியோ இல்லாத விலங்குகளை என்ன செய்வது?

ஒரு காட்டுப்பன்றியை இன்னொரு காட்டுப்பன்றியிலிருந்தோ, ஒரு கடமானை இன்னொரு கடமானிலிருந்தோ படத்தில் பிரித்தறிய முடியாது. ஒரு வழி, எண்ணிக்கையை விட்டுவிட்டு இருப்பைப் பார்ப்பது. நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பல தடவை போய், இருந்தது அல்லது காணவில்லை என்று மட்டும் குறிக்கிறோம். ஒரே கட்டத்தில் சில தடவை கண்டு சில தடவை காணாமல் போவதிலிருந்தே, இருந்தும் நாம் தவறவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதற்கான கணித வடிவத்தை டேரில் மெக்கென்சியும் சகாக்களும் 2002-இல் வெளியிட்டார்கள்.

ஒரு தடவை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 30 விழுக்காடு என்று வையுங்கள். மூன்று தடவை போயும் காணவில்லை என்றால் இல்லை என்று எழுதிவிடலாமா? அது இருந்தும் மூன்று முறையும் தவறும் வாய்ப்பு இன்னும் 34 விழுக்காடு. அதை 5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர ஒன்பது தடவை போக வேண்டும். ஒரு கட்டுமானத் திட்டத்துக்காக இரண்டே நாள் சுற்றிவிட்டு 'இங்கு அரிய இனங்கள் எதுவும் இல்லை' என்று எழுதும் அறிக்கைகளை இந்தக் கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும்.

விலங்கையே பார்க்காமல் எச்சத்தை வைத்துக் கணக்கிட முடியுமா?

முடியும். அடர்ந்த மழைக்காட்டு யானைகளுக்குப் பல இடங்களில் அதுவே நடைமுறை. பாதையில் நடந்து லத்திக் குவியல்களின் அடர்த்தியைக் கணிக்க வேண்டும். ஒரு யானை நாளுக்கு எத்தனை முறை கழிக்கிறது, ஒரு குவியல் சிதைந்து மறைய எத்தனை நாள் ஆகிறது என்ற இரண்டும் தெரிந்தால் மீதி வகுத்தல்தான். எடுத்துக்காட்டாக, நாளுக்கு 17 முறை, சிதைய 100 நாள் என்றால், சதுர கிலோமீட்டருக்கு 1,700 குவியல்கள் இருப்பது ஒரு யானையைக் குறிக்கும். சிக்கல் அந்தச் சிதைவு நாள்களில்தான் இருக்கிறது. மழை, வெயில், சாணவண்டுகள் எல்லாமே அதை மாற்றும். வேறொரு காட்டில் அளந்த எண்ணைக் கடன் வாங்கினால் விடை இரண்டு மடங்கு தவறிப்போகலாம். அதே காட்டில், அதே பருவத்தில், புதிய குவியல்களைக் குறித்துவைத்து அளந்துகொள்ளுங்கள்.

எச்சத்திலும் முடியிலும் இருந்து டி.என்.ஏ. எடுத்துத் தனி விலங்கையே அடையாளம் காணவும் முடிகிறது. கரடிகளுக்கு முள்கம்பியில் சிக்கும் முடியே போதும்.

நீரில் உள்ள டி.என்.ஏ. எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

தோல் செதில், சளி, கழிவு என்று உயிரினங்கள் நீரில் விட்டுச்செல்லும் டி.என்.ஏ.வை வடிகட்டி எடுத்து, எந்த இனம் என்று பார்க்கிறோம். 2008-இல் பிரான்சில் குளங்களில் அயல்வரவான அமெரிக்க எருதுத் தவளையை இப்படிக் கண்டறிந்தது இந்தத் துறைக்கு ஒரு தொடக்கம். ஓசையில்லாமல் ஒளிந்து வாழும் இனங்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் எத்தனை இருக்கின்றன என்பதை இது நம்பும்படி சொல்லாது. ஆணா பெண்ணா, குஞ்சா முதிர்ந்ததா என்றும் தெரியாது. ஓடும் நீரில் கிடைத்தது மேலே வெகு தூரத்திலிருந்து வந்திருக்கலாம். வெயிலும் வெப்பமும் அதை விரைவாகச் சிதைக்கும். நேற்று வேறு குளத்தில் நனைந்த காலணியோடு இறங்கினால் அங்கிருந்த தவளை இங்கேயும் இருப்பதாக விடை வரும். சுத்தமான நீரை அதே கருவிகளால் வடிகட்டி எடுத்த வெற்று மாதிரி ஒன்றைக் கூடவே அனுப்பாமல் வந்த முடிவை நான் ஏற்க மாட்டேன்.

ஒலிப்பதிவுக் கருவிகள் எதற்குப் பயன்படும்?

இரவில் கத்தும் தவளைகள், விடியலில் பாடும் பறவைகள், ஆழ்கடல் திமிங்கலங்கள், வௌவால்கள் என்று கண்ணுக்குத் தப்பினாலும் குரலில் சிக்கும் அத்தனைக்கும். கருவியை மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். ஒரே நேரத்தில் பல இடங்களில் கேட்கலாம். சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்கலாம்.

வௌவாலுக்குத் தனிக் கருவி வேண்டும். நம் காது அதிகம் போனால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும்; சில லாட வௌவால்கள் 100 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே ஒலிக்கின்றன. கருவி ஒரு நொடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை ஒலியின் அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கும் கூடுதலாக இருந்தால்தான் அது பதிவாகும். சாதாரண ஒலிப்பதிவியில் அந்த இரவு முழுக்க அமைதியாகத்தான் இருக்கும்.

பேர்ட்நெட் போன்ற மென்பொருள்கள் குரலிலிருந்து இனத்தைச் சொல்கின்றன; கூடவே எவ்வளவு உறுதி என்று ஒரு மதிப்பெண்ணும் தருகின்றன. அந்த மதிப்பெண் எந்த அளவுக்கு மேல் போனால் நம்பலாம் என்பதை உங்கள் இடத்துப் பதிவுகளைக் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், நூறு குரல் பதிவானால் நூறு பறவை என்று பொருளில்லை. ஒன்றே நூறு முறை பாடியிருக்கலாம்.

வளையமும் காலரும் விலங்குக்குத் துன்பம் தராதா?

தரலாம். அதனால் இதை முதல் வழியாக நினைக்கவே கூடாது. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்தியன் மார்ட்டென்சன் 1899-இல் மைனா குடும்பப் பறவைகளுக்கு எண் பொறித்த வளையமிட்டதிலிருந்து, வலசை பற்றியும் ஆயுள் பற்றியும் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வளையங்கள் தந்தது. ஜி.பி.எஸ். காலர் வந்த பிறகு ஒரு யானையோ ஓநாயோ எந்த வழியைப் பிடிக்கிறது என்று மணிக்கு மணி தெரிகிறது. வழித்தடத்தைக் காக்க வாதாடும்போது இதைவிட வலுவான சான்று கிடையாது.

ஆனால் 2011-இல் வெளியான பத்தாண்டு ஆய்வு ஒன்று, துடுப்பில் பட்டை மாட்டிய அரச பெங்குவின்கள் மாட்டாதவற்றைவிட 39 விழுக்காடு குறைவாகக் குஞ்சு வளர்த்ததையும், 16 விழுக்காடு குறைவாக உயிர்பிழைத்ததையும் காட்டியது. விலங்குக்கு நேர்ந்த கொடுமை ஒரு பக்கம். அந்தப் பட்டைகளை வைத்து எடுத்த தரவும் சேர்ந்தே கெட்டது இன்னொரு பக்கம். கருவியின் எடை உடல் எடையில் 3 முதல் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லை. அதற்குள்ளும் குறைத்துக்கொள்ள முடிந்தால் குறைப்பதே முறை. உரிய அனுமதியும் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரும் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

பூச்சிகளை எப்படி?

வண்ணத்துப்பூச்சிகளுக்கு, குறித்த பாதையில் ஒரே வேகத்தில் நடந்து, இருபுறமும் சேர்த்து 5 மீட்டர் அகலத்துக்குள்ளும் முன்னால் 5 மீட்டருக்குள்ளும் தெரிபவற்றை மட்டும் எண்ணுவது எளிய முறை. எர்னி பொல்லார்டு வகுத்த இதை வைத்து பிரிட்டனில் 1976 முதல் தொடர்ந்து எண்ணிவருகிறார்கள். வெயிலும் காற்றும் குறித்த வரம்புக்குள் இருந்தால்தான் நடக்க வேண்டும். அந்துப்பூச்சிகளுக்கு விளக்குப் பொறி, தரையில் ஓடும் வண்டுகளுக்குக் குழிப்பொறி, பறப்பவற்றுக்குக் கூடாரம் போன்ற மலேஸ் பொறி.

ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் மலேஸ் பொறி வைத்து 27 ஆண்டுகள் சேர்த்த பூச்சிகளை எடைபோட்டபோது, மொத்த எடை 75 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. 2017-இல் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதைச் செய்ததில் பெரும்பங்கு கிரெஃபெல்டு நகரத்துப் பூச்சி ஆர்வலர்களுடையது.

வாழிடத்தை எப்படி அளப்பது?

தரையிலிருந்து தொடங்குவோம். புல்லுக்கும் சிறு செடிக்கும் 1 மீட்டர் சதுரச் சட்டம், புதருக்கு 5 மீட்டர், மரத்துக்கு 10 மீட்டர் அல்லது அதற்கும் பெரிய சதுரம். உள்ளே என்னென்ன இனம், எவ்வளவு மூடியிருக்கிறது, மரமானால் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எவ்வளவு பருமன். மூலைகளில் நிலையான கல் நட்டு, ஆண்டுதோறும் திரும்ப வர வேண்டும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் மழைக்காட்டில், 1 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டையும் 1980களின் தொடக்கத்திலிருந்து அளந்துவருகிறார்கள். ஒரு காடு எப்படி உயிரோடு நகர்கிறது என்பதை அப்படி அளந்தால்தான் காண முடியும்.

செலவே இல்லாத ஒரு முறையையும் சொல்ல வேண்டும்: நிலைப்புள்ளிப் படம். ஒரு பாறையில், ஒரே உயரத்தில், ஒரே திசையில், ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் ஒரு படம். ஐந்தாறு ஆண்டில் களைச்செடி எந்தப் பக்கமிருந்து ஏறுகிறது என்று விளக்கமே தேவைப்படாமல் தெரியும்.

செயற்கைக்கோளும் ட்ரோனும் வந்த பிறகு நடந்து அளப்பது தேவையா?

தேவை. லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுக்கின்றன. அந்தச் சேமிப்பு முழுவதும் 2008-இல் இலவசமானது. சென்டினல்-2 இன்று 10 மீட்டர் நுணுக்கத்தில் தருகிறது. அன்டார்க்டிகாவில் பனிமேல் படிந்த எச்சக் கறையைச் செயற்கைக்கோளில் தேடித்தான் 2012-இல் 46 பேரரசப் பெங்குவின் குடியிருப்புகளின் கணக்கை எடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் 18 நாடுகளில் விமானத்திலிருந்து புல்வெளி யானைகளை எண்ணி 2016-இல் 3,52,271 என்று சொன்னதும் மேலிருந்து பார்த்ததுதான்.

ஆனால் மேலிருந்து தெரிவது பச்சை. அந்தப் பச்சை இயற்கைக் காடா, ஒரே மர இனத்தின் தோட்டமா, உண்ணிச்செடிப் புதரா என்பது பல நேரம் கீழே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒரு காட்டில் மரம் அப்படியே நிற்க, உள்ளே விலங்குகள் வேட்டையாடப்பட்டு காலியாகிக் கிடக்கலாம். செயற்கைக்கோளுக்கு அது ஆரோக்கியமான காடு. ட்ரோனைப் பறவைக் கூடுகளின் மேல் தாழப் பறக்கவிட்டுப் பெற்றோரை விரட்டுவதை ஆய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடுவில் நல்ல முறை ஒன்று வந்தால் மாறிக்கொள்ளலாமா?

மாறலாம், ஆனால் சில ஆண்டுகள் பழையதையும் புதியதையும் சேர்த்தே செய்ய வேண்டும். இந்தியப் புலிகளுக்கு 2001-02-இல் கால்தட முறையில் வந்த எண் 3,642. 2006-இல் புதிய முறையில் வந்தது 1,411. சுந்தரவனம் அதில் சேரவில்லை. நான்கைந்து ஆண்டில் 2,200 புலிகள் செத்துவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவே முடியாது. 2006-க்குப் பிந்தைய எண்களை மட்டும் தங்களுக்குள் ஒப்பிடுவதே ஓரளவு நியாயம். அப்போதும் ஒவ்வொரு முறையும் கேமரா வைத்த பரப்பு கூடியிருப்பதை மறந்துவிடக் கூடாது.

பொதுமக்கள் தரும் பதிவுகளை நம்பலாமா?

நம்பலாம், எப்படி எடுத்தார்கள் என்பதும் பதிவில் இருந்தால். பறவை பார்ப்போர் தங்கள் பட்டியலைப் பதிவிடும் இ-பேர்டு என்ற இணையதளம் 2002-இல் தொடங்கியது; அதில் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், கண்டது அனைத்தையும் எழுதினீர்களா என்று கேட்பது அதற்காகத்தான். அனைத்தையும் எழுதிய பட்டியலில் ஓர் இனத்தின் பெயர் இல்லை என்றால், அதுவும் ஒரு தகவல். அபூர்வப் பறவையை மட்டும் போட்டு, காகத்தையும் மைனாவையும் விட்டுவிடுபவர்களின் பட்டியலில் அது கிடைக்காது.

கண்ட இடத்தைப் பொதுவில் போடலாமா?

வேட்டைக்கோ கடத்தலுக்கோ இலக்காகும் இனமானால் கூடாது. ஆர்க்கிட், நட்சத்திர ஆமை, அரிய பல்லி, கூடு கட்டிய ஆந்தை எதுவானாலும் சரியான இடத்தைப் பாதுகாப்போருக்கு மட்டும் கொடுங்கள். கைப்பேசிப் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள்.

நாமே நோயைக் கொண்டுபோய்விடுவோமா?

ஆம், அது நடக்கக்கூடியது. கைட்ரிட் பூஞ்சை நோய் தவளை போன்ற நீர்நில வாழ் உயிர்களில் குறைந்தது 501 இனங்களின் சரிவுக்குக் காரணம் என்று 2019-இல் ஓர் ஆய்வு கணித்தது. ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் காலணி, வலை எல்லாவற்றையும் சேறு போகக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, உலர்த்துங்கள். வௌவால் குகைகளுக்கும் இதே விதி.

களக் குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்?

நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், வானிலை, யார் பார்த்தது, யார் எழுதியது. அப்புறம் பூஜ்ஜியம். ஒன்றும் காணாத நாளைப் பதிவு செய்யாமல் விட்டால், பின்னால் பார்ப்பவருக்கு அன்று யாரும் போகவில்லையா, போயும் காணவில்லையா என்று தெரியாது. மேலே சொன்ன கணக்குகள் எல்லாமே அந்தப் பூஜ்ஜியங்களின் மேல்தான் நிற்கின்றன. உறுதியில்லாத இனத்தை ஊகித்து எழுதாதீர்கள். 'அடையாளம் தெரியாத சிறு பருந்து' என்பது மதிப்புள்ள பதிவு.

கருவி எதுவும் இல்லாமல், தனி ஆளாகத் தொடங்க முடியுமா?

தாராளமாக. தினமும் போகக்கூடிய தூரத்தில் ஒரு கிலோமீட்டர் பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வண்ணத்துப்பூச்சியோ பறவையோ, ஏதாவது ஒரு தொகுதியை மட்டும் எடுங்கள். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே வேகத்தில் நடந்து எண்ணுங்கள். முதல் ஆண்டில் இனங்களைக் கற்றுக்கொள்வதிலேயே நேரம் போகும். அந்த ஆண்டின் ஏற்ற இறக்கத்தில் பாதி உங்கள் கண் தேறியதால் வந்ததாக இருக்கும், அதனால் போக்கைப் பற்றிய முடிவை மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு அகலம் பார்க்க வேண்டும், எந்த வானிலையில் போகக் கூடாது என்பதை குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். உங்களால் போக முடியாத வாரத்தில் வேறொருவர் அதைப் படித்துவிட்டு நடக்கலாம்.